கச்சான் வருவதற்குள்

1973 மே 4, வெள்ளி

நேற்று வகுப்பில் ஒரு பிழை விட்டேன். சின்னப் பிழைதான்: ஒரு சொல்லை இந்த ஊர்க் காதால் கேட்காமல் என் ஊர்க் காதால் கேட்டுவிட்டேன். ஆனால் அதனால் இன்று என் மாணவி ஸுஹறா வகுப்புக்கு வரவில்லை. ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நேற்று மத்தியானம் வெள்ளாங்குளத்திலிருந்து அப்பா, பிள்ளைகளுக்குக் கொடு என்று சொல்லி, பஸ்ஸில் ஒரு பை கச்சான் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் காணியில் விளைந்தது. அம்மா வறுத்துக் கட்டியிருந்தா. மறுநாள் கொண்டுபோகலாம் என்று பையை என் அறையில் வைத்துவிட்டு மாலை வகுப்புக்குப் படிப்பிக்கப் போனேன். மீனவர் சங்கக் கொட்டிலில் பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். "கச்சான் வருகுதாம்" என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது. நான் தங்கியிருக்கும் வீட்டு மார்த்தா அக்காவின் மகன் டொமினிக் இந்த வகுப்பில்தான் இருக்கிறான். எல்லாரிலும் சின்னவன். அவன்தான் பையைக் கண்டு ஊருக்குச் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

"ரீச்சர், கச்சான் வருகுதோ?" என்று ஸுஹறா எழும்பி நின்று கேட்டாள்.

"ஓம், வருகுது. நாளைக்கு."

"நாளைக்கேயோ? ஆர் சொன்னது?"

"எங்கட அப்பா சொல்லி அனுப்பினவர்."

"கனக்கவோ ரீச்சர்?"

"கனக்க. எல்லாருக்கும் காணும்."

கொட்டிலில் சத்தம் அடங்கிவிட்டது. முஹைதீன் மட்டும் வாசலுக்குப் போய்க் கடலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஏன் பார்க்கிறான் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"ரீச்சருக்கு விருப்பமோ?" என்று ஸுஹறா மறுபடி கேட்டாள்.

"எனக்குக் கச்சான் எண்டா சரியான விருப்பம்," என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். வகுப்பு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும் "போயிட்டு வாறன் ரீச்சர்" அவளிடமிருந்து வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மார்த்தா அக்காவின் புருசன் சிங்கராசா அண்ணை முற்றத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளை, உங்கட அப்பா கமக்காரன் எண்டெல்லோ மார்த்தா சொன்னவள். இப்ப காத்தை அறிவிக்கிற கந்தோரிலயோ வேலை?"

எனக்கு விளங்கவில்லை. மார்த்தா அக்காதான் சொன்னா: இங்கே கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. எங்கள் ஊரில் இந்தக் காலத்துக் காற்றைச் சோழகம் என்போம். கச்சான் என்றால் மண்ணுக்குள் காய்க்கும் நிலக்கடலை மட்டும்தான்.

"அது எழும்பினா இந்தக் கரையில வள்ளம் இறக்க ஏலாது," என்றார் சிங்கராசா அண்ணை. "தீவுக்கு மற்றக் கரையில ஓலைக் கொட்டில் அடிச்சு வாடி போட்டிருவம். ஐப்பசி வரைக்கும் அங்கதான்."

"பிள்ளைகளுமோ?"

"பின்ன, பிள்ளையளை ஆரிட்ட விட்டுட்டுப் போறது? உங்களிட்டயோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ," என்று மார்த்தா அக்கா அவரை அடக்கினா. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னா: "மஹ்மூது நானாட மகள் ஸுஹறா வீட்ட போய் அழுதவளாம். நாங்கள் போறது ரீச்சருக்கு விருப்பமாம் எண்டு."

இன்று வகுப்பில் கச்சானைப் பங்கிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ரீச்சற்ற கச்சானைத் தின்னலாம், எங்கட கச்சான் எங்களைத் தின்னும்," என்றான் முஹைதீன். ஸுஹறாவின் பங்கைக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

தை மாதம் இந்தச் சங்க வகுப்புக்குப் படிப்பிக்க இந்தத் தீவுக்கு வந்தேன். இந்த வகுப்பு காற்றோடு கலைந்துவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. இது தெரியாத ஒருத்தி இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றியிராது.

மே 5, சனி

காலையில் ஸுஹறாவின் வீட்டுக்குப் போனேன். போவதா விடுவதா என்று இரண்டு முறை ஒழுங்கை வரை போய்த் திரும்பி, பிறகுதான் போனேன். அவளுடைய வாப்பா மஹ்மூது வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உம்மா உம்மு குல்சூம் உள்ளே இருந்தபடியே "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரையை மட்டும் வெளியே தள்ளிவிட்டா.

கச்சான் விசயத்தைச் சொன்னேன். மஹ்மூது சிரித்தார். ஆனால் நீண்ட நேரம் சிரிக்கவில்லை.

"ரீச்சர், வந்ததோட ஒண்டு சொல்லிருவம். எங்கட பிள்ளை மூண்டு வருசமா அரிவரியில இருக்கிறாள். ஒவ்வொரு வருசமும் படிக்கிறாள், காத்தோட போறம், திரும்பி வரேக்க எழுத்தெல்லாம் கடலோட போயிருது. திரும்ப அரிவரி. இந்த முறை வந்து ஒரு பக்கமெண்டாலும் வாசிச்சா இரண்டாம் வகுப்பில விடலாமெண்டு பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் சொன்னவர். இல்லாட்டி நிப்பாட்டிப் போடுவம்."

"நிப்பாட்டாதேங்கோ," என்றேன்.

"நானும் ஆசையிலயோ சொல்றன்? பால்பல்லு விழாத பிள்ளையளுக்கு நடுவில அவளை இருத்தி வைக்க எனக்கு வெக்கமா இருக்கு. அவளுக்கு என்னைவிட வெக்கம்."

ஸுஹறா கதவுக்குப் பின்னால் நின்றது அவளுடைய பாவாடையின் கரையிலிருந்து தெரிந்தது. கடதாசிச் சுருளை நீட்டினேன். கை மட்டும் வந்து வாங்கியது.

"அப்ப நாங்கள் போறது ரீச்சருக்கு விருப்பமில்லையோ?"

"இல்லை."

"அப்பக் கச்சானை நிப்பாட்டுங்கோ."

"அது ஏலாது. ஆனா காத்து வாறதுக்குள்ள உன்னை வாசிக்கப் பண்ணுவன்," என்றேன்.

சொல்லிவிட்டு வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பயிற்சிக் கல்லூரிக்குப் போகாதவள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவள். ஒரு பிள்ளைக்கு அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. புறப்படுமுன், காற்று எப்போது எழும்பும் என்று மஹ்மூதிடம் கேட்டபோது, "ஒரு கிழமை செல்லும், ரெண்டு கிழமையும் செல்லும். நீங்கள்தானே நேற்றெண்டு சொன்னீங்கள்?" என்றார்.

மே 8, செவ்வாய்

இன்று கண்டுபிடித்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஸுஹறாவுக்கு வாசிக்கவே தெரியாது.

அரிவரிப் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்திலிருந்து வாசித்துக் காட்டினாள். தடக்கவில்லை. விரல் வரிக்குக் கீழே ஓடியது. பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டினாள். நான்தான் தற்செயலாகப் பக்கத்தின் மேல் கையை வைத்தேன். கைக்குக் கீழே மறைந்த வரியையும் அவள் அதே குரலில் வாசித்துக்கொண்டே போனாள்.

மூன்று வருடம் ஒரே புத்தகம் காதில் விழுந்தால் யாருக்கும் பாடமாகிவிடும். அவளுக்கு எதையும் ஒரு தடவை கேட்டால் போதும். அதனால்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. தை மாதத்திலிருந்து நானும் கவனிக்கவில்லை. "நல்லா வாசிக்கிறாய்" என்று அவளுடைய சிலேற்றில் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

மற்றப்படி இன்றைய வகுப்பு நல்ல வகுப்பு. ஏன் நல்லது என்று யோசித்தால் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. முஹைதீன் 'ழ' எழுதிவிட்டு, இது வாலைச் சுருட்டிய திருக்கை என்றான். எல்லாரும் திருக்கை வரையத் தொடங்கினார்கள். அடுத்த பாடத்துக்குப் போக முடியவில்லை. டொமினிக் 'ண'வுக்கு ஒரு சுழி கூடப் போட்டான். ஏன் என்று கேட்டேன். "அதுக்குப் பசிக்குது ரீச்சர், அதுதான் இன்னொரு வயிறு," என்றான். அழி என்று சொல்ல மனம் வரவில்லை. பிறகு சொன்னேன்.

பிள்ளைகள் கூட்டமாக என் மேசையைச் சுற்றி நிற்கும்போது அவர்களிடம் உப்பும் தேங்காயெண்ணெயும் வெயிலும் சேர்ந்த மணம் வரும். ஒருத்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். தான் பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது. ஒரு சிலேற்றைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொரு சிலேற்று மூக்குக்குக் கீழே வந்துவிடும். அந்த நேரம் நான் என்னைப் பற்றி நினைப்பதில்லை. நாள் முழுவதிலும் அப்படி இருப்பது அந்த நேரம் மட்டும்தான்.

அதன்பிறகு அவர்கள் போய்விடுவார்கள். கொட்டிலைக் கூட்டி, வெண்கட்டித் துண்டுகளைப் பொறுக்கி, கதவைச் சாத்துவேன். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் யாராவது எதிரே வந்தால் நல்லது என்று மெதுவாக நடப்பேன். வருகிறவர்கள் "என்ன ரீச்சர்" என்பார்கள். "ஓம்" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அறைக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தால், மார்த்தா அக்கா சோற்றுக்குக் கூப்பிடும் வரை என் குரலை நானே கேட்பதில்லை.

மே 10, வியாழன்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

புத்தகத்தில் உள்ள எதையும் ஸுஹறாவிடம் கொடுத்துப் பயனில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். புத்தகத்தில் இல்லாததை எழுதினாலும், பக்கத்துப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஊகித்தும் சொல்லிவிடுவாள். 'மீன் கடலில்' என்று எழுதினால் அடுத்தது 'நீந்தும்' என்று அவளுக்குத் தெரியும். ஒருவரும் ஊகிக்க முடியாத வசனம் வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் கையால் வாயைப் பொத்தச் சொன்னேன். டொமினிக் மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். கரும்பலகையில் எழுதினேன்: கழுதை பனையில் ஏறியது.

ஸுஹறா வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். எல்லா வாயும் மூடியிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். அவளாக எழும்பி வந்து கரும்பலகையில் விரலை வைத்தாள். "க... ழு... தை." நின்றாள். 'ழு'வில் திரும்பப் போனாள். "கழுதை." அதற்குப் பிறகு நீண்ட நேரம். "ப... னை... யில்." என் கையில் இருந்த வெண்கட்டி உடைந்துபோனது பிறகுதான் தெரிந்தது. "ஏ... றி... யது."

அப்படியே நின்று பலகையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ரீச்சர், இது பொய்."

"என்ன பொய்?"

"கழுதை பனையில ஏறாது ரீச்சர். ஆர் எழுதினது இப்பிடி?"

பிள்ளைகள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். வெளியே நிழலில் நின்ற ஒரு கழுதையைக் காட்டி, "அதிட்டக் கேளுங்கோ" என்றான் முஹைதீன். ஸுஹறா சிரிக்கவில்லை. பலகையில் எழுதியிருப்பது பொய்யாக இருக்கலாம் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்திருக்கிறது. அது பொய் என்று தெரிய வேண்டுமானால் அதை வாசித்திருக்க வேண்டும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பிறகு எல்லாரும் பொய் வசனம் எழுத வேண்டும் என்றார்கள். முஹைதீன், 'ரீச்சர் வள்ளம் தள்ளினா' என்று எழுதினான். டொமினிக்குக் கூட்டி எழுத வராது. ஆகவே காதில் சொன்னான், நான் எழுதினேன்: 'அப்பா சோறு சமைத்தார்.' ஸுஹறா நெடுநேரம் மறைத்து மறைத்து எழுதிக் கடைசியாகச் சிலேற்றைக் காட்டினாள். 'கச்சன் வரது.' 'கச்சான் வராது' என்பதில் இரண்டு கால் குறைவு. திருத்த வேண்டியது என் கடமை. அந்த நேரம் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து மார்த்தா அக்காவிடம் சொன்னேன். அவ மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தா. "அப்பிடியோ? நல்லம்," என்றா. பிறகு டொமினிக்கின் பொய் வசனத்தைச் சொன்னேன். அதற்கு மட்டும் நன்றாகச் சிரித்தா. ஸுஹறா வாசித்தது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லிக் காட்ட என்னால் முடியவில்லை. வெள்ளாங்குளத்திலும் இதைச் சொல்ல ஆள் இல்லை என்று நினைக்கிறேன். அம்மா "அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்டிருப்பா. கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். காற்றே இல்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

மே 14, திங்கள்

விடியும்போதே காற்று மாறிவிட்டது. முற்றத்துப் பனையோலை முழுவதும் ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. சோற்றில் மணல். சிங்கராசா அண்ணை கடலைப் பார்க்கக்கூடப் போகவில்லை. சத்தத்திலேயே அறிந்துவிட்டு வலையை மூட்டையாகக் கட்டத் தொடங்கினார். பத்து மணிக்குள் ஒழுங்கை முழுவதும் வண்டில்கள்.

நான் கொட்டிலுக்குப் போனேன். போக வேண்டிய நேரமில்லை. வீட்டில் நின்றால் இடைஞ்சல் என்று தோன்றியது. அங்கே இருந்த வலைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டதால் கொட்டில் பெரிதாகத் தெரிந்தது.

ஸுஹறா வந்தாள். அக்குளில் ஒரு கோழி.

"ரீச்சர், கெதியா ஒரு பொய் எழுதித் தாங்கோ. வண்டில் நிக்குது."

கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தேன்: மறுகரையில் காற்றே இல்லை. கோழியை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் கடதாசியைப் பிடித்து, வாய்க்குள் கூட்டினாள். 'று'வில் நின்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே போனாள்.

"பொய்," என்றாள், சிரித்துக்கொண்டு. "இன்னொண்டு."

வெளியே அவளுடைய வாப்பா கூப்பிட்டார். நான் எழுதத் தொடங்கிய அடுத்த கடதாசி என் கையிலேயே இருந்துவிட்டது. இந்த முறை, "போயிட்டு வாறன் ரீச்சர்" என்று இரண்டு தரம் சொன்னாள்.

நான்கு வசனம் வாசிப்பாள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வாசிக்கப் பண்ணுவேன் என்று சொன்னது ஒரு பக்கம் வாசிப்பதைப் பற்றி. ஐப்பசி வரை அந்த நான்கும் நிற்குமா?

மே 18, வெள்ளி

வகுப்பில் இரண்டு பிள்ளைகள். டொமினிக்கும் சங்கச் செயலாளர் அமிர்தநாயகம் அண்ணையின் மகளும். இரண்டு பேருக்காகக் கரும்பலகையில் எழுதுவது நாடகம் மாதிரி இருக்கிறது. டொமினிக் ஒவ்வொரு தரமும், "முஹைதீன் வந்தாப் பிறகு செய்வம் ரீச்சர்," என்றான். கடைசியில் மூன்று பேரும் கொட்டில் வாசலில் இருந்து சிப்பி எண்ணினோம்.

வகுப்பு முடிய அமிர்தநாயகம் அண்ணை வந்தார்.

"பிள்ளை, வருசா வருசம் இப்பிடித்தான். முதல் இருந்த ரீச்சரும் கச்சானோட ஊருக்குப் போறவ. நீங்களும் போய் வீட்டில இருந்திட்டு ஐப்பசியில வாங்கோ."

"இந்த ரெண்டு பிள்ளைகளுக்கு?"

"என்ர மகளை நான் பாத்துக்கொள்ளுவன். டொமினிக் நாளைக்குத் தேப்பனிட்டப் போறானாம். பூட்டப் போறன், சாமான் ஏதும் இருந்தா எடுங்கோ."

பேசுவதற்கு முன்பே பூட்டைக் கையில் கொண்டுவந்திருந்தார். கோபப்பட ஒன்றுமில்லை, நல்ல மனிதர்.

அறையில் இருந்து யோசித்தேன். போனால்: அம்மா அப்பாவுடன் இருக்கலாம். ஊரில், "என்ன, வகுப்பு நிண்டுபோச்சோ?" என்று கேட்பார்கள். காற்று என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நின்றால்: எதற்கு நிற்பது? ஸுஹறாவுக்காக என்று மனம் சொல்கிறது. அது உண்மையா, அல்லது வீட்டுக்குத் தோற்றுப்போய்ப் போக எனக்குப் பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருக்கலாம். அவள் மறந்துபோனால் அவளை நிறுத்திவிடுவார்கள் என்பது மட்டும் என் பயத்தோடு சம்பந்தமில்லாத உண்மை.

இங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒழுங்கையில் இப்போது யாரும் "என்ன ரீச்சர்" என்று கேட்பதில்லை. கழுதைகள் மட்டும் வாசல் வாசலாக வந்து நின்றுவிட்டுப் போகின்றன. டொமினிக் முதலே தூங்கிவிட்டதால் இரவுச் சாப்பாட்டில் மார்த்தா அக்காவும் நானும் மட்டும். டொமினிக்கின் உடுப்பை மூட்டை கட்டியபடி, "ஞாயிறு பூசை முடிய நானும் வாடிக்கு அரிசி கொண்டு போறன். வண்டில்ல இடமிருக்கு, சும்மா வந்து பாருங்கோவன்," என்றா.

மே 20, ஞாயிறு

போனேன்.

மறுகரை அவ்வளவு தூரமில்லை. பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் நடுவே மணல் பாதை. வண்டில் மெதுவாகப் போனதால்தான் தூரமாகத் தெரிந்தது. பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்னக் கால்களுக்கு வெயிலில் இந்த மணல் ஏலாது. என் காலுக்கு ஏலும்.

அங்கே கடல் குளம்போல் கிடந்தது. ஓலை வாடிகள் ஒட்டி ஒட்டி நின்றன. என்னைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். டொமினிக் என் கையைப் பிடித்துத் தன் வாடிக்கு இழுத்தான், முஹைதீன் மற்றக் கையை. ஸுஹறா மட்டும் வரவில்லை. உம்மாவுடன் குந்தியிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் போனேன்.

"கை மணக்கும் ரீச்சர்," என்று கைகளைப் பின்னால் மறைத்தாள்.

"மணக்கட்டும். வா."

ஈர மணலில் குச்சியால் எழுதினேன்: நண்டு பள்ளிக்கூடம் போனது. 'நண்டு' உடனே வந்தது. "ப..." என்றாள். நின்றாள். 'ள்'ளை விரலால் தொட்டாள். என்னைப் பார்த்தாள். ஒரு கிழமை முன்பு அந்த எழுத்துத் தெரிந்தவள்.

"சொல்லாதேங்கோ," என்றாள். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அலை வந்து பாதியை அழித்துக்கொண்டு போனது. மற்றப் பிள்ளைகள் "அய்யோ" என்று சிரித்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மணலையே பார்த்தாள்.

மஹ்மூது வள்ளத்தில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்துத்தான்," என்றேன்.

"ஒவ்வொண்டாத்தான் போறது ரீச்சர்." சூரியனை நிமிர்ந்து பார்த்தார். "வெயில் சாய மீன் வேலை முடிஞ்சிரும். பிறகு இதுகள் சும்மாதான் நிண்டு மண்ணெறியிறதுகள்."

அவர் என்ன சொல்கிறார் என்று விளங்கியது. ஆனால் இந்த ஊரில் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கியவள் நான். ஆகவே நேராகக் கேட்டேன்.

"நான் இங்க வந்து படிப்பிக்கலாமோ? வகுப்பு சங்கக் கொட்டில்லதானாம். சங்கம் பூட்டிப்போட்டுது."

"சங்கமெண்டா ஆர் ரீச்சர்? நாங்கள்தானே. நாங்கள் எல்லாரும் இங்கயெல்லோ நிக்கிறம்." சிங்கராசா அண்ணையைக் கூப்பிட்டார். "என்ன சிங்கராசா, சங்கம் என்ன சொல்லுது?"

"சங்கத்துக்கு இப்ப தேத்தண்ணி வேணுமாம்," என்றார் சிங்கராசா அண்ணை வாடிக்குள்ளிருந்து. பிறகு தலையை வெளியே நீட்டி, "வலை காயப்போடுற இடத்தில நிழல் இருக்கு. அதில இருத்தலாம்," என்றார்.

ஸுஹறா குச்சியை எடுத்தாள். அலை எட்டாத இடத்துக்குப் போய், குந்தியிருந்து, தனக்குத் தெரிந்த மட்டும் எழுதினாள்: 'நண்டு ப'. அதற்குப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கு இடம் விட்டாள்.

திரும்பும்போது மார்த்தா அக்கா, "ஒவ்வொரு நாளுமோ? காத்துக்க மணல் கண்ணுக்க அடிக்கும் பிள்ளை. மழைக்கு என்ன செய்வீங்கள்? பொழுதுபட்டாத் தனிய எப்பிடித் திரும்புவீங்கள்?" என்று கேட்டா. எல்லாம் நியாயமான கேள்விகள். பொழுது படுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றால் வகுப்பு முன்பைப்போல நீளாது. எத்தனை நாள் தாக்குப் பிடிப்பேன் என்றும் தெரியவில்லை. ஐப்பசியில் ஸுஹறா ஒரு பக்கம் வாசிப்பாளா, மாட்டாளா என்று இன்று எழுதினால் எது பொய்யாகும் என்றும் தெரியவில்லை.

இனி மார்த்தா அக்காவும் பெரும்பாலும் வாடியில்தான் இருப்பா. வீட்டில் நான் மட்டும். இப்போதே வீடு வேறு மாதிரி இருக்கிறது. கதிரையை இழுத்தால் சத்தம் எல்லா அறைக்கும் போகிறது. அப்பாவுக்கு இந்தக் காற்றுக் காலத்தில் ஊருக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டும். காரணம் கேட்பார். காரணத்தை இன்னும் ஒழுங்காக எழுதிப் பார்க்கவில்லை.

நாளை, திங்கள்: காலையில் அமிர்தநாயகம் அண்ணையிடம் கொட்டில் பூட்டின் திறப்பை வாங்கிச் சின்னக் கரும்பலகையையும் வெண்கட்டியையும் எடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்தவுடன் நடக்கத் தொடங்க வேண்டும். முதல் பாடம் 'ள'.